பெருக்க வேண்டாம், எண்ணினால் போதும்

அன்புள்ள வாசகிக்கு,

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே மாலையில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷனும் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குச் சொல்லும் விடை அந்தப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். அதனால் தனிக் கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

உங்கள் சிக்கலை முதலில் மற்ற வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 1 முதல் 100 வரையுள்ள எண்களையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது 100!, அதாவது 100-இன் காரணீயப் பெருக்கம். வகுப்பில் பெரும்பாலும் ஃபேக்டோரியல் என்றே சொல்கிறோம். அந்த எண்ணின் கடைசியில் எத்தனை பூஜ்ஜியங்கள்? 100-ஐ 5-ஆல் வகுத்தால் 20, அந்த 20-ஐ மறுபடி 5-ஆல் வகுத்தால் 4, கூட்டினால் 24. வழிகாட்டி நூலில் இப்படித்தான் இருக்கிறது, விடையும் சரி. அடுத்த கணக்கு: 24-இன் எத்தனையாவது அடுக்கு வரை 100!-ஐ மீதியின்றி வகுக்கும்? ‘பெரிய பகாக் காரணியை மட்டும் எண்ணினால் போதும்’ என்று அதே நூல் கொடுத்த குறுக்குவழியை நம்பி, நீங்கள் 3-ஐ எண்ணி 48 என்று எழுதினீர்கள். விடைப் பட்டியலில் 32 என்று இருக்கிறது. அச்சுப்பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அச்சுப்பிழை இல்லை, 32தான் சரி. பிழை அந்தக் குறுக்குவழியில் இருக்கிறது. 10 என்ற எண்ணுக்கு அது பலித்தது. 24-க்குக் காலை வாரிவிட்டது.

100! என்பது 158 இலக்கம் உள்ள எண். அதை முழுக்க எழுதிவைத்து 24-ஆல் வகுக்க ஆரம்பித்தால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். நமக்கு அந்த எண்ணே வேண்டாம். பத்தாம் வகுப்பில் அடிப்படை எண்ணியல் தேற்றம் என்று ஒன்று வருகிறதே, ஒவ்வோர் எண்ணும் பகா எண்களின் பெருக்கமாக ஒரே ஒரு விதமாகத்தான் பிரியும் என்று, அந்த ஒரு வரியில்தான் இந்தப் பாடம் முழுவதும் நிற்கிறது. ஓர் எண் இன்னொன்றை வகுக்குமா என்ற பெரிய கேள்வி அந்தத் தேற்றத்தால் சின்னச் சின்னக் கேள்விகளாக உடைகிறது. 2 போதுமான அளவு இருக்கிறதா? 3 இருக்கிறதா? 5 இருக்கிறதா? ஒன்றின் கணக்கில் இன்னொன்று தலையிடாது. 2 குறைந்தால் அந்தக் குறையை 3 ஈடுகட்ட முடியாது.

இனி எண்ணுவோம். 100 வரை 2-இன் மடங்குகள் 50. 4-இன் மடங்குகள் 25, 8-க்கு 12, 16-க்கு 6, 32-க்கு 3, 64-க்கு 1. கூட்டினால் 97. ஆக 100!-க்குள் 97 இரண்டுகள் இருக்கின்றன. 3-க்கு இதே போல 33, 11, 3, 1, மொத்தம் 48. இப்போது 24-ஐப் பாருங்கள்: 2 × 2 × 2 × 3. ஒவ்வொரு 24-உம் மூன்று இரண்டுகளையும் ஒரு மூன்றையும் கேட்கிறது. 97 இரண்டுகளை மும்மூன்றாகப் பிரித்தால் 32 கூறு, ஒன்று மிச்சம். 3 இன்னும் 16 பாக்கி இருக்கும்போதே 2 தீர்ந்துபோகிறது. 2 ஏராளமாகத்தான் இருந்தது. ஆனால் தேவை மூன்று மடங்கு.

10 ஏன் பலித்தது என்றால், அதில் 2-உம் 5-உம் ஒவ்வொன்றுதான். தேவை சமமாக இருக்கும்போது அரிதாகக் கிடைப்பதுதான் முதலில் தீரும். பெரிய பகா எண்தான் அரிது. அடுக்கு இல்லாத எண்களுக்கு, அதாவது 6, 10, 15, 30 போன்றவற்றுக்கு, அந்தக் குறுக்குவழி சரியாகவே வேலை செய்யும். இன்னும் மோசமான விஷயம், 12-க்கும் அது சரியான விடையைக் கொடுத்துவிடுகிறது. 12-க்கு இரண்டு இரண்டுகள் வேண்டும். 97-ஐ இரண்டிரண்டாகப் பிரித்தால் 48. மூன்றுகளும் 48. இரண்டும் ஒரே இடத்தில் தீர்கின்றன. 12-ஐ வைத்துச் சோதித்துப் பார்த்த பிள்ளை, குறுக்குவழி அடுக்குள்ள எண்ணுக்கும் சரிதான் என்று நம்பிவிடும். ஆகவே டியூஷனில் 12-ஐயும் 24-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள்.

மறுபடி மறுபடி வகுத்து வந்த ஈவுகளை ஏன் கூட்டுகிறோம் என்பதைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஒரு தெருவில் உள்ள வீடுகளில் மொத்தம் எத்தனை தளங்கள் என்று கணக்கெடுக்க வேண்டும் என்று வையுங்கள். வீடு வீடாகப் போய் இது ஒன்று, அது மூன்று என்று கூட்டிக்கொண்டு வரலாம். அல்லது முதலில் எல்லா வீட்டின் தரைத்தளத்தையும் எண்ணிவிட்டு, அடுத்து முதல் மாடி உள்ள வீடுகளை மட்டும், அதற்கடுத்து இரண்டாம் மாடி உள்ளவற்றை மட்டும் எண்ணிக் கூட்டலாம். மொத்தம் ஒன்றுதான். 5, 10, 15, 20-இல் ஒரே ஒரு 5. 25, 50, 75, 100-இல் இரண்டு. 5-இன் மடங்குகள் 20 என்பது தரைத்தளக் கணக்கு, 25-இன் மடங்குகள் 4 என்பது மாடிக் கணக்கு. 125 நம் எல்லையைத் தாண்டியது, அதனால் அங்கே நிறுத்துகிறோம். 75-ஐ இரண்டு முறை எண்ணிவிட்டோமே என்று யாராவது கேட்டால், அதில் இரண்டு 5 இருப்பதால் இரண்டு முறை எண்ணத்தான் வேண்டும் என்று சொல்லுங்கள்.

புள்ளிக்குப் பின்னால் வருவதை ஏன் தள்ளுகிறோம் என்பது உங்கள் இன்னொரு கேள்வி. 100-ஐ 7-ஆல் வகுத்தால் ஈவு 14, மீதி 2. 7-இன் பதினான்காவது மடங்கு 98, அடுத்தது 105. அந்த மீதி 2 என்பது 99, 100 என்ற இரண்டு எண்கள். அவற்றுக்குள் 7 இல்லை. இல்லாததைத்தான் தள்ளுகிறோம். 49-உம் 98-உம் இன்னும் ஒவ்வொரு 7-ஐத் தருவதால் மொத்தம் 16.

இந்த எண்ணும் முறையைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தம் எண் கோட்பாட்டு நூலில் எழுதிவைத்தார். லெஜாந்தர் சூத்திரம் என்றே இதற்குப் பெயர். காரணீயப் பெருக்கத்துக்கு ஆச்சரியக்குறி போடும் வழக்கத்தைக் கிறிஸ்டியன் கிராம்ப் 1808-இல் கொண்டுவந்தார்.

பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு சின்னக் கணக்கு. சரியாக 5 பூஜ்ஜியங்களில் முடியும் காரணீயப் பெருக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 20!-இலிருந்து 24! வரை 4 பூஜ்ஜியங்கள். 25!-இல் 6. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று அவர்களே சொல்லும்போது, 25 தன்னோடு இரண்டு 5-ஐ ஒரே நேரத்தில் கொண்டுவருவதை நீங்கள் விளக்கவே வேண்டியிருக்காது.

வகுபடும் கணக்குகளில் இது எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டிருந்தீர்கள். 20 பேரில் 10 பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 20! ÷ (10! × 10!). இது வழிகளின் எண்ணிக்கை என்பதால் முழு எண்ணாகத்தான் இருக்கும். பகா எண்களைத் தொடாமலே சொல்லிவிடலாம். அடுத்தடுத்து வரும் எந்தப் பத்து எண்களின் பெருக்கமும் 10!-ஆல் வகுபடும் என்பதற்கும் இதே காரணம் போதும். ஆனால் எல்லா இடத்திலும் இப்படி ஒரு கதை கைகொடுக்காது. 1972-இல் போலந்தின் தோருன் நகரில் நடந்த சர்வதேசக் கணித ஒலிம்பியாடின் மூன்றாம் கணக்கு அப்படிப்பட்டது. ஏதாவது இரண்டு எண்களை எடுங்கள். இரண்டின் இருமடங்குகளுக்கும் காரணீயப் பெருக்கம் கண்டு, அவற்றைப் பெருக்கி மேலே வையுங்கள். கீழே முதல் எண், இரண்டாம் எண், இரண்டின் கூட்டுத்தொகை ஆகிய மூன்றின் காரணீயப் பெருக்கங்கள். வகுத்தால் எப்போதும் முழு எண்தான் வரும் என்று காட்ட வேண்டும். 3, 5 என்று எடுத்தால் மேலே 6! × 10!, கீழே 3! × 5! × 8!; வகுத்தால் 90.

இது எதன் எண்ணிக்கை என்று எளிதில் சொல்லிவிட முடியாது. பகா எண்களை எண்ணினாலோ சில வரிகளில் முடிகிறது. எந்தப் பகா எண்ணின் எந்த அடுக்கை எடுத்தாலும், மேலே உள்ள மடங்குகள் கீழே உள்ளவற்றைவிடக் குறையவில்லை என்று காட்டினால் போதும். 9-ஐ எடுத்துக்கொள்வோம். இரண்டு எண்களையும் 9-ஆல் வகுங்கள். ஈவுகளின் கணக்கு இரு பக்கமும் சமம்: மேலே ஒவ்வோர் ஈவும் இரு முறை, கீழே தனியாக ஒரு முறை, கூட்டுத்தொகைக்குள் ஒரு முறை. எனவே மீதிகளை மட்டும் பார்க்கலாம். கீழே ஒன்று கூடுதலாக வர வேண்டுமானால், இரண்டு மீதிகளும் சேர்ந்து 9-ஐ எட்ட வேண்டும். எட்டினால், இரண்டில் ஒன்றாவது நாலரையோ அதற்கு மேலோ இருந்தாக வேண்டும். அதை இரட்டித்தால் அது தனியாகவே 9-ஐ எட்டிவிடும். மேலேயும் ஒன்று கூடிவிடும். முடிந்தது. 9-இன் இடத்தில் எதை வைத்தாலும் வாதம் மாறாது. ஒலிம்பியாட் கணக்கு என்றதும் மிரளும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். இதில் தேவைப்பட்டது ஈவும் மீதியும்தான். இரண்டும் தொடக்கப் பள்ளிப் பாடம்.

ரஷ்யக் கணித மேதை செபிஷேவ் கண்ட ஒரு பின்னமும் இதே குடும்பம்: 30! ÷ (15! × 10! × 6!). கீழே 15, 10, 6 கூடினால் 31 வருகிறது. 30 பேரை அப்படிப் பிரிக்க முடியாது, தேர்ந்தெடுக்கும் கதை இங்கே செல்லாது. இருந்தும் வகுத்தால் 77,63,63,18,760 என்று முழு எண் வருகிறது. ஒவ்வொரு பகா எண்ணாக எண்ணிப் பார்த்துச் சரிபார்க்கலாம். 29 வரை பத்தே பத்துப் பகா எண்கள்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 100-ஐ 5-ஐ அடிமானமாகக் கொண்டு எழுதினால் 400, அதாவது நான்கு 25. நம் வழக்கமான எழுத்தில் 10-ஆல் வகுத்து மீதியைத் தள்ளுவது என்றால் கடைசி இலக்கத்தை அழிப்பது. அடிமானம் 5 என்றால் 5-ஆல் வகுப்பதும் அப்படியே. 400, 40 ஆகிறது. 40, 4 ஆகிறது. 40 என்பது நம் 20. 4 என்பது 4. அதே 24. இதில் ஒவ்வொரு 25-உம் ஐந்தும் ஒன்றுமாக 6 தந்திருக்கிறது. 6 என்பது 25-இல் ஒன்று குறைத்து 4-ஆல் வகுத்தது. எந்த இடமானாலும் இதே கதைதான்: இடமதிப்பில் ஒன்று குறையும், பிறகு 4-ஆல் வகுபடும். ஆகவே எண்ணிலிருந்து அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையைக் கழியுங்கள். பகா எண்ணில் ஒன்று குறைத்து, அதனால் வகுங்கள். 100-இலிருந்து 4 போனால் 96, அதை 4-ஆல் வகுத்தால் 24.

100-ஐ அடிமானம் 3-இல் எழுதினால் 10201. இலக்கக் கூட்டுத்தொகை 4. அடிமானம் 7-இல் எழுதினால் 202. அதுவும் 4. ஆக 3, 5, 7 மூன்றுக்கும் அதே 96-தான். 2, 4, 6-ஆல் வகுக்க வேண்டியதுதான் பாக்கி: 48, 24, 16. நாம் மேலே தனித்தனியாக எண்ணி வந்த மூன்று விடைகளும் ஒரே வரியில் வந்து நிற்கின்றன. இரும எண்ணாக 100 என்பது 1100100, மூன்று ஒன்றுகள், 100-இலிருந்து 3 போனால் 97. இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. இலக்கக் கூட்டுத்தொகை எப்போதும் குறைந்தது 1. ஆகவே 100!-இல் 2-கள் 100-ஐ எட்டவே முடியாது, 1000!-இல் 1000-ஐ எட்டவே முடியாது. 2019-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் நடந்த ஒலிம்பியாடின் நான்காம் கணக்கைத் திறக்க இது ஒரு நல்ல சாவி.

ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் கும்மர் 1852-இல் இதை மேலும் ஓர் அடி கொண்டுபோனார். சாதாரணக் கூட்டலில் 7-உம் 8-உம் கூட்டினால் 5 எழுதி, 1-ஐ அடுத்த இடத்துக்கு ஏற்றுகிறோம். தொடக்கப் பள்ளியில் இனமாற்றம் என்று சொல்லித்தருவது இதைத்தான். கூட்டும் முன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 15. கூட்டிய பின் 1-உம் 5-உம், வெறும் 6. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் 9 காணாமல் போகிறது, அதாவது அடிமானத்தில் ஒன்று குறைவான அளவு. நம் சூத்திரத்தில் வகுப்பதும் சரியாக அதே எண்ணால்தான். ஆகவே 20! ÷ (10! × 10!)-இல் ஒரு பகா எண் எத்தனை முறை வருகிறது என்று அறிய, அந்தப் பகா எண்ணை அடிமானமாக வைத்து 10-உம் 10-உம் கூட்டுங்கள். எத்தனை முறை ஏற்றினீர்களோ, அத்தனை முறை.

செய்து பாருங்கள். இரும எண்ணாக 10 என்பது 1010. 1010-உம் 1010-உம் கூட்டினால் இரண்டு இடத்தில் ஏற்ற வேண்டும். ஆக இரண்டு 2-கள். அடிமானம் 3-இல் 101-உம் 101-உம் 202, ஏற்றவே இல்லை; 3 கிடையாது. அடிமானம் 5-இல் 20-உம் 20-உம் 40, 5 கிடையாது. அடிமானம் 7-இல் 13-உம் 13-உம் 26, 7 கிடையாது. 11, 13, 17, 19 என்ற அடிமானங்களில் 10 என்பதே ஒரே இலக்கம்; இரட்டித்தால் ஒரு முறை ஏற்ற வேண்டும். எனவே விடை 2 × 2 × 11 × 13 × 17 × 19. பெருக்கினால் 1,84,756. இருபது பேரில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கையை, ஒரு காரணீயப் பெருக்கத்தையும் பெருக்கிப் பார்க்காமல் கண்டுபிடித்துவிட்டோம்.

‘தேர்வைத் தாண்டி இதற்கு என்ன பயன்?’ என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த 1,84,756-ஐயே இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருங்கள்.

1845-இல் ஜோசப் பெர்த்ராண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஓர் ஊகத்தை முன்வைத்தார்: 1-ஐவிடப் பெரிய எந்த எண்ணை எடுத்தாலும், அதற்கும் அதன் இருமடங்குக்கும் நடுவே ஒரு பகா எண்ணாவது இருக்கும். 30 லட்சம் வரை சரிபார்த்திருந்தார், நிரூபணம் இல்லை. செபிஷேவ் 1852-இல் வெளியான கட்டுரையில் நிரூபித்தார். அவருக்குக் கைகொடுத்தது மேலே பார்த்த அந்த 30, 15, 10, 6 பின்னமேதான்.

அந்த நிரூபணத்தைச் சுருக்கியவர்களில் ஒருவர் நம் ராமானுஜன். நோயோடு இங்கிலாந்திலிருந்து சென்னை திரும்பிய 1919-ஆம் ஆண்டில், இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அவருடைய நிரூபணம் வெளிவந்தது. இரண்டே பக்கம். காரணீயப் பெருக்கத்தின் மடக்கையைப் பகா எண்களின் கணக்காகப் பிரித்து எழுதுவதுதான் அதன் தொடக்கம். லெஜாந்தர் சூத்திரத்தின் இன்னோர் உருவம் அது. பிறகு பாதி எண்ணின் காரணீயப் பெருக்கத்துக்கு உரிய மடக்கையை அதிலிருந்து இரு முறை கழிக்கிறார். 20!-ஐ 10!-ஆல் இரு முறை வகுத்தோமே, மடக்கையில் அந்தச் செயல்தான் கழித்தலாக வருகிறது. பெர்த்ராண்ட் கேட்டதோடு அவர் நிற்கவில்லை. ஓர் எண் 11 அல்லது அதற்கு மேல் என்றால், அதன் பாதியைத் தாண்டி அந்த எண் வரை இரண்டு பகா எண்களாவது உண்டு. 17 முதல் மூன்று, 29 முதல் நான்கு, 41 முதல் ஐந்து. 2, 11, 17, 29, 41 என்று போகும் இவற்றை இன்று ராமானுஜன் பகா எண்கள் என்கிறார்கள். காரணீயப் பெருக்கத்துக்குள் பகா எண்ணை எண்ணும் அதே வேலை, கும்பகோணத்தில் படித்த ஒருவர் கையில் எங்கே போய் நின்றது என்பதை உங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1932-இல் புடாபெஸ்டைச் சேர்ந்த 19 வயது பால் ஏர்டோஷ் இன்னொரு நிரூபணத்தை வெளியிட்டார். ராமானுஜனுடையது தமக்கு முன்பே இருந்ததை, தம் நிரூபணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அறிந்தார். அவருடைய வாதத்தை 1,84,756-இலேயே பார்க்கலாம். 10-க்கும் 20-க்கும் நடுவே உள்ள பகா எண்கள் 11, 13, 17, 19. நான்கும் அதற்குள் இருக்கின்றன. 20!-இல் அவை வருகின்றன, 10!-இல் வருவதில்லை, ஆகவே அவற்றை அடித்துவிட வழியில்லை. 7-ஐப் பாருங்கள். 20!-இல் 7, 14 என்று இரண்டு முறை. கீழே இரண்டு 10!-இலும் ஒவ்வொரு முறை. அடிபட்டுப் போகிறது. பொதுவாக, 20-இன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 10 வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். சிறிய பகா எண்களோ, எத்தனை முறை வந்தாலும், தம் பங்கு 20-ஐத் தாண்டாதபடிதான் வர முடியும். கும்மர் சொன்ன ஏற்றுதல்கள் இலக்கங்களின் எண்ணிக்கைக்குள் அடங்க வேண்டுமே!

இப்போது எண் பெரிதாகிறது என்று வையுங்கள். இருமடங்கிலிருந்து பாதியைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் மிக வேகமாக வளர்கின்றன; எண் ஒன்று கூடும்போதெல்லாம் ஏறக்குறைய நான்கு மடங்கு. நடுவே பகா எண்ணே இல்லை என்றால், அவ்வளவு பெரிய எண்ணைக் கீழே உள்ள சிறிய பகா எண்கள் மட்டுமே சேர்ந்து கட்டியாக வேண்டும். அவற்றின் பங்கு எவ்வளவு என்று எண்ணிக் கூட்டினால் போதவே போதாது. ஆகவே நடுவே பகா எண் இருந்தே தீர வேண்டும். சிறிய எண்களுக்கு மட்டும் 2, 3, 5, 7, 13, 23, 43, 83 என்று, முந்தையதன் இருமடங்கைத் தாண்டாத பகா எண் வரிசை ஒன்றைக் காட்டினால் போதும். பகா எண்களைத் தேடிப் போகாமல், இல்லை என்றால் எண்ணிக்கை உதைக்கும் என்று காட்டி நிரூபிக்கும் இந்த முறையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

கடைசியாக ஒன்று. 1,84,756-இல் 3, 5, 7 மூன்றுமே இல்லை என்று பார்த்தோம். 10-ஐப் போல, இருமடங்கிலிருந்து பாதியைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கையில் இந்த மூன்றும் வராத எண்கள் எத்தனை? கும்மர் வழியில் இது இலக்கக் கேள்வியாகிவிடுகிறது: ஓர் எண்ணை இரட்டிக்கும்போது அடிமானம் 3, 5, 7 மூன்றிலும் ஏற்றவே கூடாது. அதாவது அடிமானம் 3-இல் 0, 1 மட்டும். 5-இல் 2 வரை. 7-இல் 3 வரை. 10-க்கு அடுத்து இப்படி வருவது 756. அடிமானம் 3-இல் அது 1001000, 5-இல் 11011, 7-இல் 2130. மூன்றும் தேர்ச்சி. இரண்டு ஒற்றைப் பகா எண்களை மட்டும் எடுத்தால் இப்படிப்பட்ட எண்கள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் என்று 1975-இல் ஏர்டோஷ், கிரகாம், ரூஜா, ஸ்ட்ராஸ் நால்வரும் நிரூபித்தார்கள். 3, 5, 7 என்று மூன்றாக எடுத்தபோது அவர்கள் முறை நின்றுவிட்டது. அதைத் தீர்ப்பவருக்கு 1000 டாலர் தருவதாக ரொனால்ட் கிரகாம் அறிவித்தார். கேள்வியைப் புரிந்துகொள்ள உங்கள் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேண்டியதெல்லாம் வகுத்தலும் அடிமானம் மாற்றுதலும்தான்.

756-ஐ அடுத்து 757-உம் தேறுகிறது. அதற்கப்புறம் 3160 வரை ஒன்றும் இல்லை. 3160-ஐ மூன்று அடிமானத்திலும் எழுதிப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் எழுதியதில் 3-இன் வரிசையில் ஒரு 2 தென்பட்டால் எங்கேயோ கணக்குத் தவறிவிட்டது என்று அர்த்தம். மறுபடி வகுக்கச் சொல்லுங்கள். உங்கள் தேர்வுக்கு, 18-இன் எத்தனையாவது அடுக்கு வரை 100!-ஐ வகுக்கும் என்பதையும் 1000!-இன் முடிவில் எத்தனை பூஜ்ஜியங்கள் என்பதையும் போட்டுப் பாருங்கள். எனக்கு 24-உம் 249-உம் வருகின்றன. உங்களுக்கு வேறு வந்தால் முழுக் கணக்கையும் எழுதி அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
கணக்குப் பகுதி எழுதுபவர்